முதல் மாரத்தானுக்கு எந்த வேகத் திட்டம்? தோட்டப்புறத்திலிருந்து ஓடப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பேராவின் சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில் இருந்துகொண்டு முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வடக்கே போனால் பினாங்குப் பால மாரத்தான், தெற்கே போனால் கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தான். தூரம் இரண்டிலும் 42.195 கிலோமீட்டர். ஆனால் பினாங்கில் முழு மாரத்தான் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் புறப்படுவது வழக்கமாக இருந்துவருகிறது. கோலாலம்பூரில் அது விடியற்காலை நான்கு மணியை ஒட்டி. ஆண்டுக்கு ஆண்டு நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டரை மணி நேர வேறுபாடு, எந்த வேகத் திட்டத்தோடு ஓடுவது என்ற கேள்வியில் பாதியைத் தீர்த்துவிடுகிறது.

கணக்கு எளிது. நம் மலேசியாவில் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிக்கிறது, எட்டு மணிக்கெல்லாம் தார்ச்சாலையில் சூடு ஏற ஆரம்பித்துவிடும். ஐந்தரை மணி நேரம் எடுக்கும் ஒருவர் பினாங்கில் ஏழு மணிக்கு, முகத்தில் வெயில் படும் முன்பே முடித்துவிடுவார். அதே ஆள் கோலாலம்பூரில் ஒன்பதரைக்கு முடிப்பார். கால்கள் ஓய்ந்துபோன கடைசி ஒன்றரை மணி நேரம் முழுக்க நெடுஞ்சாலையின் திறந்தவெளி வெயில். பினாங்கின் இடைஞ்சல் வேறு மாதிரி. தூக்கம் கெடும், இரவுச் சாப்பாடு வயிற்றில் நிற்கும், 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் காற்று எதிர்த்து அடிக்கலாம், நடுவில் பாலம் மேலேறி இறங்கும். ஏற்ற இறக்கம் கோலாலம்பூரில்தான் கூடுதல்.

முதல் தடவை ஓடுகிறவருக்கு, ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், பினாங்கே நல்லது என்பது எங்கள் கருத்து. தூக்கம் கெடுவதை ஒரு வாரத்திற்கு முன்பிருந்தே சரிக்கட்டலாம். வெயிலை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

இலக்கு நேரம் எங்கிருந்து வருகிறது?

வேகத் திட்டத்திற்கு முன்னால் ஒரு நேர மதிப்பீடு வேண்டும். அதை ஆசையிலிருந்து எடுக்காமல், ஓடி முடித்த ஓர் அரை மாரத்தானிலிருந்து எடுங்கள். அரை மாரத்தான் நேரத்தை இரண்டால் பெருக்கினால் கிடைப்பது உங்கள் நேரம் ஆகாது. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொடுத்த வாய்பாட்டின்படி சுமார் 2.085 ஆல் பெருக்க வேண்டும். 2 மணி 20 நிமிடத்தில் அரை மாரத்தான் முடித்தவருக்கு 4 மணி 52 நிமிடம் வரும். அதுவும் முழு மாரத்தானுக்குத் தேவையான பயிற்சியை முழுமையாகச் செய்தவருக்குத்தான் பொருந்தும். வாரத்திற்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே ஓடுகிறவர், நம் ஊர்ப் புழுக்கத்தையும் சேர்த்து, இன்னும் 15 முதல் 25 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக இவருக்கு 5 மணி 10 நிமிடத்தை ஒட்டித் திட்டம் போடுவதே நேர்மையான கணக்கு.

கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நேரத்தில் முடிக்க 6:23 (6 நிமிடம் 23 விநாடி), ஐந்து மணி நேரத்திற்கு 7:06, ஐந்தரைக்கு 7:49, ஆறு மணி நேரத்திற்கு 8:31.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மாரத்தான் பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, முடிந்த அளவு குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். நீங்கள் கூட்டத்தில் விலகி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் வெளிப்பக்கமாக ஓடி 42.6 வரை போய்விடுவீர்கள். கடிகாரம் கடைசிவரை 7:06 என்றே காட்டினாலும் முடிக்கும் நேரம் 5 மணி 2 நிமிடம். அதனால் வேகத்தைக் கடிகாரத் திரையில் பார்ப்பதைவிட, சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையைக் கடக்கும்போது மொத்த நேரத்தைப் பார்ப்பது நம்பகமானது. 10, 20, 30, 35 ஆகிய நான்கு பலகைகளுக்கான நேரத்தை மட்டும் கையில் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

முதலில் வேகமாக ஓடிச் சேர்த்து வைப்பது

வெயில் வருமுன் முடிந்த மட்டும் ஓடிவிடலாம் என்ற எண்ணம் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நம்மவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். கிலோமீட்டருக்கு 7:00 ஓட வேண்டியவர் முதல் 15 கிலோமீட்டரை 6:40 இல் ஓடினால் மிச்சமாவது 5 நிமிடம். அதற்கு அவர் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம், அதாவது ஏறக்குறைய 1,600 முதல் 2,000 கலோரி. ஓடுவதற்கு ஆகும் செலவு எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி. 65 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் முழுவதற்கும் 2,700 கலோரிக்கு மேல் வேண்டும். குறையும் பங்கைக் கொழுப்பும் வழியில் உண்பதும் ஈடுகட்ட வேண்டும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே கூடுதலாக எரிக்கும். ஆகவே ஆரம்பத்தில் விரைந்தவருக்குக் கையிருப்பு 30 ஆவது கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும். அங்கிருந்து கிலோமீட்டருக்கு 9 நிமிடம் என்று இழுத்தால், மீதி 12 கிலோமீட்டரில் போவது 24 நிமிடம்.

நம் தட்பவெப்பத்தில் இது இன்னும் மோசமாகும். உடல் சூடேறியதும் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஒரு பங்கு குளிர்ச்சிக்காகத் தோலுக்குப் போயாக வேண்டும். அந்த அளவுக்குத் தசைக்குக் குறையும். முதல் மணி நேரத்திலேயே உடலைச் சூடாக்கிவிட்டால், காற்றில் ஈரம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் விடியற்காலையில் அந்தச் சூட்டை இறக்குவது மிகக் கடினம். வியர்வையில் பெரும்பங்கு ஆவியாகாமல் சொட்டித்தான் போகிறது, சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. இந்தத் திட்டத்தை யாருக்கும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரே வேகம், அல்லது மெதுவாகத் தொடங்குவது

உலகின் சிறந்த ஓட்டங்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடப்பட்டவை. 2023 இல் சிக்காகோவில் கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டும் 2 மணி 35 விநாடியில் முடித்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. குளிர்ந்த காலையில், வாரத்திற்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகிய உடலுக்கு அது சாத்தியம். நம் ஊரில் ஒரே வேகம் என்பது ஒரே உழைப்பு ஆகாது. 7:00 வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால், நீர் குறையக் குறைய, உடல் சூடேற ஏற, இதயத் துடிப்பு 10 முதல் 20 வரை தானாகக் கூடும். தொடக்கத்தில் சுகமாக இருந்த அதே வேகம் மூன்றாவது மணி நேரத்தில் கடுமையான ஓட்டமாக மாறிவிடும்.

ஆகவே ஒரே வேகத் திட்டம் யாருக்கு என்றால், பல அரை மாரத்தான்கள் ஓடிப் பழகியவருக்கு, வாரத்திற்கு 50 கிலோமீட்டருக்கு மேல் சில மாதங்கள் தொடர்ந்து ஓடியவருக்கு, நாலரை மணிக்குள் முடிக்கக்கூடியவருக்கு. அதுவும் பினாங்கின் இருட்டில்தான். பாலத்தின் ஏற்றத்திலும் அதே வேகத்தைப் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள். மூச்சை ஒரே அளவில் வைத்துக்கொண்டால் ஏற்றத்தில் போகும் விநாடிகள் இறக்கத்தில் பெரும்பாலும் திரும்பி வரும்.

மெதுவாகத் தொடங்குவது இதன் பாதுகாப்பான வடிவம். முதல் 5 கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிட 15 முதல் 20 விநாடி மெதுவாக ஓடுங்கள். 6 முதல் 32 வரை இலக்கு வேகம். அதன்பின் உடம்பில் மிச்சம் இருப்பதைச் செலவழியுங்கள். முதல் ஐந்தில் நீங்கள் விடுவது அதிகபட்சம் 100 விநாடி, எப்படியும் அந்தத் தூரம் வரை கூட்டம் உங்களை வேகமாக ஓட விடாது.

எழுதுவதற்கு எளிய இந்தத் திட்டத்தைச் செய்வது கடினம். கடைசி இரண்டு மூன்று வாரம் பயிற்சியைக் குறைத்திருப்பதால் கால்கள் இறகாக இருக்கும். குறித்த நேரத்தில் முடிக்க வழிகாட்டி ஓடும் பேசர் பலூனைப் பிடித்துக்கொண்டு முன்னே போவார், கூட ஓடும் நண்பர்கள் முன்னே போவார்கள். 10 ஆவது கிலோமீட்டரில் ஒரு சோதனை செய்யுங்கள்: பக்கத்தில் ஓடுகிறவரிடம் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், கடிகாரம் எதைக் காட்டினாலும் நீங்கள் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். நாலரையிலிருந்து ஐந்து மணிக்குள் முடிக்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல திட்டம் இல்லை.

ஓடி நடப்பது

ஐந்து மணிக்கு மேல் ஆகும் என்பவர்களுக்கு, அதாவது முதல் மாரத்தான் ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, சரியான திட்டம் இதுதான் என்று உறுதியாகச் சொல்கிறோம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பதைப் பற்றி இங்கே பேசவில்லை. களைப்பு என்ற பேச்சே இல்லாத முதல் கிலோமீட்டரிலிருந்து, கடிகாரம் சொன்னபடி நடப்பதுதான் இந்த முறை.

எண்ணிக்கையில் பாருங்கள். கிலோமீட்டருக்கு 7:00 வேகத்தில் 4 நிமிட ஓட்டம், 10:30 வேகத்தில் 1 நிமிட நடை. ஐந்து நிமிடத்தில் 571 மீட்டரும் 95 மீட்டரும் சேர்ந்து 666 மீட்டர் கடந்திருப்பீர்கள். சராசரி 7:30. அதைக் கடைசிவரை காத்தால் 5 மணி 16 நிமிடத்தில் முடியும். இதையே 7:00 வேகத்தில் நடக்காமல் ஓடி முடித்தால் 4 மணி 55 நிமிடம். காகிதத்தில் இருபது நிமிடம் மிச்சம். ஆனால் அந்த ஓட்டக்காரர் 28 ஆவது கிலோமீட்டரில் உடைந்து, மீதியைக் கிலோமீட்டருக்கு 9:30 என்று இழுத்தால் 5 மணி 31 நிமிடம் ஆகும். முதல் மாரத்தானில் 28 க்கும் 34 க்கும் இடையில் உடைபவர்கள்தான் அதிகம். நடப்பவரும் ஓடுபவரும் இடம் மாறுவது அதற்குப் பிறகுதான்.

நடை என்ன செய்கிறது? தொடைத் தசைக்கும் கெண்டைத் தசைக்கும் ஒவ்வொரு ஓட்ட அடியும் உடல் எடையின் இரண்டரை மூன்று மடங்கு சுமையை இறக்குகிறது, நடை அந்த இடியை நிறுத்திவைக்கிறது. உடலில் உண்டாகும் வெப்பம் அந்த ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தண்ணீரையும், சிறு பையில் வரும் மாவுச்சத்துக் கூழான ஜெல்லையும் மூச்சுத் திணறாமல் விழுங்க நேரம் கிடைக்கிறது. நம் புழுக்கத்தில் இரண்டாவது காரணமே முதன்மை.

4க்கு 1 ஒத்துவராதவர்கள் 2 நிமிட ஓட்டம், 30 விநாடி நடை என்று வைத்துக்கொள்ளலாம். விகிதம் அதேதான், சராசரியும் அதே 7:30தான், கால்கள் இன்னும் குறைவாகத் துவளும். ஆறு மணியை ஒட்டி முடிப்பவர் 2க்கு 1 எடுக்கலாம்.

தவறும் இடங்கள் மூன்று. ஒன்று, முதல் பத்துக் கிலோமீட்டரில் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நடையை விட்டுவிடுவது. பிறகு நடந்தாலும் போனது திரும்பாது. இரண்டு, நடையை ஓய்வு என்று நினைத்துக் கடைத்தெருவில் நடப்பது போல நடப்பது. கையை மடக்கி வீசி, அடியைக் குறுக்கி, விரைவாக நடக்க வேண்டும், 10:30 வேகம் அப்போதுதான் வரும். பயிற்சியில் நூறு மீட்டர் அளந்து 63 விநாடியில் நடந்து பாருங்கள், எவ்வளவு விரைவு என்று புரியும். மூன்று, நடக்கத் தொடங்கும் இடம். சாலை நடுவில் சட்டென்று நின்று நடந்தால் பின்னால் வருபவர் மோதுவார். பத்து அடிக்கு முன்பே கையை உயர்த்தி, இடது ஓரம் ஒதுங்கி, பிறகு நடையைத் தொடங்குங்கள்.

விநாடிக் கணக்கே வேண்டாம் என்பவருக்கு நடுவழி ஒன்று உண்டு. ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் ஒரு நிமிடம் நடப்பது. 7:00 வேகக்காரருக்கு ஒரு நிமிட நடையில் போவது 20 விநாடிதான். பதினெட்டு நிலையங்கள் இருந்தால் மொத்தம் 6 நிமிடம். மெதுவாகத் தொடங்கும் திட்டத்தோடு இது நன்றாகச் சேரும்.

நடந்து முடித்தால் அது மாரத்தானா என்று ஊரில் யாராவது கேட்பார்கள். 42.195 கிலோமீட்டரை விதிக்கப்பட்ட நேரத்திற்குள் உங்கள் காலால் கடந்தால் அது மாரத்தான். விதிப்புத்தகத்தில் நடக்கக்கூடாது என்று எங்கும் இல்லை.

தோட்டச் சாலையா, தார்ச்சாலையா?

தோட்டப்புறத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி, வண்டி அதிகம் வராத செம்மண் சாலை. காய்ந்த நாளில் தாரைவிட மென்மையானது, முழங்காலுக்கு நல்லது, செம்பனை நிழல் இருக்கும். மழை விழுந்த மறுநாள் அதே சாலை வழுக்கும், சக்கரத் தடத்தில் நீர் நிற்கும், களி காலணியில் ஒட்டி ஒவ்வொரு காலையும் கனக்க வைக்கும். குலை ஏற்றிய லோரிகள் ஓடும் சாலையில் மேற்பரப்பு அலை அலையாக இறுகிக் கிடக்கும், கணுக்கால் மடங்குவது அங்கேதான். லோரி போன பிறகு எழும் தூசியில் ஐந்து நிமிடம் ஓடாமல் நில்லுங்கள். செம்பனை மட்டைகளின் முள் காலணி அடியைத் துளைத்து வரும், வெட்டிக் குவித்த மட்டை வரிசையை ஒட்டி ஓடாதீர்கள். எலி தேடி நாகம் வரும் இடமும் அதுதான், மாலை மங்கிய பிறகு கூடுதல் கவனம் வேண்டும். அடர்ந்த செம்பனைக்குள் ஜிபிஎஸ் தடுமாறும், கடிகாரம் காட்டும் வேகத்தை அங்கே நம்ப வேண்டாம். உள்ளே ஓட ஆபீசில் அனுமதி கேளுங்கள், வாசலில் காவல் இருக்கும் ஜாகாவிடம் எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆனால் பந்தயம் தாரில்தான். செம்மண்ணிலேயே பயின்ற கால்கள், தாரின் இடியை 25 கிலோமீட்டருக்குப் பிறகு தாங்காது. வார நாள் ஓட்டங்களைத் தோட்டத்திலும், நீண்ட ஓட்டங்களில் பாதிக்கு மேல் தாரிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் தமிழ்ப்பள்ளித் திடல், கோயில், கடைத்தெரு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்று ஒன்றை வகுத்து, வீட்டு வாசலில் மேசை போட்டுத் தண்ணீர் வைத்தால், பந்தயத்தின் தண்ணீர் நிலைய இடைவெளி அப்படியே கிடைத்துவிடும். திறந்த சாலையில் வண்டிகளை எதிர்நோக்கி, வலது ஓரமாக ஓடுங்கள். ஒளி திருப்பும் சட்டையும் நெற்றி விளக்கும் இல்லாமல் விடியற்காலையில் சாலையில் இறங்காதீர்கள், மோட்டாரில் வேலைக்குப் பறப்பவர்கள் உங்களைக் கடைசி விநாடியில்தான் பார்ப்பார்கள். சாலை விளிம்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும், அதே பக்கமே எப்போதும் ஓடினால் இடுப்பிலிருந்து முழங்காலின் வெளிப்பக்கம் வரை வலி பிடிக்கும். வண்டி இல்லாத சுற்றில் திசையை மாற்றி மாற்றி ஓடுங்கள். மேடு பள்ளம் இல்லாத சாலை வேண்டுமென்றால் ஈப்போவின் டி.ஆர். பூங்கா மாதம் ஒருமுறை போய்வரத் தக்க இடம்.

காலையா மாலையா என்ற கேள்விக்கு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களுக்கு மாலைதான் என்று வேலை முடிவு செய்துவிடும். அதில் இழப்பில்லை. மாலை ஐந்தரை மணியில் வெப்பம் 30 பாகை இருந்தாலும் காற்றின் ஈரம் காலையைவிடக் குறைவு, உடல் சூட்டுக்குப் பழகுவதற்கு 10 முதல் 14 நாள் மாலை ஓட்டம் நல்ல மருந்து. இடி மட்டும் எச்சரிக்கை. இடி கேட்டதும் திடலையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். நீண்ட ஓட்டங்களை ஞாயிறு விடியற்காலையில் வையுங்கள். பினாங்குக்குப் போகிறவர்கள் அவற்றில் இரண்டையாவது அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கிப் பழகலாம். தனியாக வேண்டாம், மூன்று நான்கு பேராக, பின்னால் மோட்டாரில் ஓர் ஆள் வர. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100 ஐத் தாண்டினால் வெளியில் ஓடாதீர்கள்.

பயிற்சிக்கு 18 வாரம் வையுங்கள். நீண்ட ஓட்டம் 12 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்திற்கு இரண்டு கிலோமீட்டர் கூடட்டும், ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கு குறையட்டும். ஓடி நடப்பவர்கள் 26 முதல் 28 இல் நிறுத்தலாம், மற்றவர்கள் 30 முதல் 32 வரை போகலாம். எதுவானாலும் மூன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் கிடைப்பது பயனைவிடக் காயம்தான். கடைசி நீண்ட ஓட்டத்திற்கும் பந்தயத்திற்கும் இடையே மூன்று வாரம் இருக்கட்டும். குலை வெட்டுகிறவர், ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர், இவர்கள் வாரத்திற்கு நான்கு ஓட்டத்தைத் தாண்டக்கூடாது. நாளெல்லாம் கால் செய்த வேலையும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

ஜெல்லா, கடைச்சரக்கா?

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல் 22 முதல் 25 கிராம் தரும், முதல் 40 நிமிடத்திலும் பிறகு 35 நிமிடத்திற்கு ஒன்றுமாக எடுக்கலாம். விலை கூடுதல், நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஒரு ஜெல்லுக்கு ஈடாக 25 கிராம் வெல்லக் கட்டி, அல்லது கொட்டை நீக்கிய சிறிய பேரீச்சம்பழம் நான்கு. வெல்லம் வியர்வையில் உருகி விரலில் ஒட்டும், தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் முறுக்கி வையுங்கள். பேரீச்சையை மெல்ல நேரம் வேண்டும், அதனால் அது ஓடி நடப்பவர்களுக்கே பொருந்தும். எதை எடுத்தாலும் நான்கு நீண்ட ஓட்டங்களிலாவது தின்று பார்த்திருக்க வேண்டும்.

ஆண்டுக் கடைசி ஓட்டங்களுக்கான பயிற்சி வாரங்களில் சில புரட்டாசியில் வந்து விழும். மரக்கறிக்கு மாறுகிறவர்கள் புரதத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே 100 கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பருப்பு, தவ்பு (சோயாப் பால்கட்டி), தயிரோடு சேர்த்தால் போதும். ஓட்டத்திற்கு முந்திய இரண்டு நாளில் மட்டும் கீரையையும் பயறையும் குறைத்துச் சோறு, ரொட்டி, வாழைப்பழம் என்று கூட்டுங்கள். பந்தயத்திற்கு மூன்று மணி நேரம் முன்பு கஞ்சி அல்லது காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய ரொட்டி. நாசி லெமாக், ரொட்டி சனாய், பால் கூடிய தே தாரிக் எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு.

ஓட்டத்தின் போது

எவ்வளவு குடிப்பது என்பதை உடலிடம் கேட்டு வையுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். 1.2 கிலோ குறைந்து, இடையில் 300 மில்லி குடித்திருந்தால் வியர்வை ஒன்றரை லிட்டர். அதில் பாதி அளவுக்குக் குடித்தால் போதும். பெரும்பாலோருக்கு அது ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு குவளை, ஒன்றுவிட்டு ஒன்று ஐசோடோனிக் (உப்பும் சர்க்கரையும் கலந்த பானம்). வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவதும் உயிருக்கு ஆபத்தானதே. தலைவலி, விரல் வீக்கம், வாந்தி, இவற்றோடு எடையும் கூடியிருந்தால் அதுதான்.

குவளையை வாங்கும்போது கையை ஓட்டத் திசைக்கு எதிராகப் பின்னோக்கி இழுத்து வாங்குங்கள். விளிம்பை இரண்டு விரலால் கிள்ளினால் குவளை வாய் குவிந்து ஒரு மூலையிலிருந்து ஊற்றும், மூக்கில் ஏறாது. தலையில் நீர் ஊற்றும்போது இடுப்பை முன்னால் வளைத்துக் குனிந்து ஊற்றுங்கள். நிமிர்ந்து ஊற்றினால் நீர் முதுகு வழியாக இறங்கிக் காலுறையை நனைக்கும், ஐந்து கிலோமீட்டருக்குள் பாதத்தில் கொப்பளம் வந்துவிடும். தொடையிடுக்கு, அக்குள், மார்புக் காம்பு மூன்றிலும் புறப்படுமுன் வேஸ்லின் தடவியிருக்க வேண்டும்.

திட்டம் குலைந்தால் என்ன செய்வது? 30 க்குப் பிறகு வேகம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் விழுந்தால், இழந்ததைப் பிடிக்கப் பார்க்காமல், 1 நிமிட ஓட்டம் 1 நிமிட நடை என்று உடனே மாற்றுங்கள், ஒரு ஜெல்லும் இரண்டு குவளையும் எடுங்கள். பத்து நிமிடத்தில் பெரும்பாலும் கால் திரும்பும். கொளுத்தும் வெயிலில் சிலிர்ப்பு, தடுமாற்றம், பேச்சுக் குழறல் வந்தால் அது வேகப் பிரச்சினை இல்லை, வெப்பத்தாக்கு. அங்கேயே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும், கூட ஓடுகிறவருக்கு வந்தாலும் அதேதான். பனிக்கட்டி நீரில் உடனே குளிர்விப்பதுதான் சிகிச்சை.

இன்னொரு முடிவும் பதிவு செய்யும் அன்றே எடுக்கப்பட வேண்டும். பினாங்கில் ஏழு மணிக்கு முடித்தவர் இருபத்து நான்கு மணி நேரமாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். அவர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தானே கார் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பக்கூடாது. ஓடாத ஒருவரை ஓட்டுநராக முன்கூட்டியே பேசிவையுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் அன்றிரவும் அங்கேயே தங்கும்படி அறை எடுத்து, திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.